அட்டவணையில் இல்லாத கோணங்கள்: வர்க்கமூலம் எதுவரை கைகொடுக்கும்?

முக்கோணவியல் படித்த எவருக்கும் அந்தச் சிறிய அட்டவணை நினைவில் இருக்கும். 0°, 30°, 45°, 60°, 90° என்று ஐந்து கோணங்கள். அவற்றுக்கு நேரே 1/2, √2/2, √3/2 போன்ற மதிப்புகள். மற்ற கோணங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலோர் கால்குலேட்டரைக் கைகாட்டுவார்கள். சைன் 15° என்று தட்டினால் 0.2588190451 என்று வருகிறது. அளந்து கட்டும் வேலைகளுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் 15° என்ற கோணத்தைப் பற்றி இந்த எண் நமக்கு எதையும் சொல்வதில்லை.

சின்னதாக ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேன் 15°, டேன் 75° இரண்டையும் கால்குலேட்டரில் கூட்டினால் 4 வருகிறது. அது உண்மையிலேயே 4 தானா, இல்லை இருபதாவது தசம இடத்தில் எங்கோ பிசகும் ஓர் எண்ணா? எத்தனை இலக்கம் காட்டினாலும் கால்குலேட்டரால் இந்தக் கேள்விக்கு முடிவான பதில் தர இயலாது. டேன் 15° = 2 − √3, டேன் 75° = 2 + √3 என்று அறிந்தவருக்கோ கேள்வியே எழாது; √3 அடிபட்டுப் போகிறது, மீதி 4.

துல்லிய மதிப்புகளை மனப்பாடப் பட்டியலாகக் கற்றுக்கொடுப்பதால்தான் பலரும் இந்தப் பாடத்திலிருந்து விலகிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கோணத்துக்குள்ளும் ஒரு சமன்பாடு இருக்கிறது. அந்தச் சமன்பாட்டை வெளியே எடுப்பதற்கான கருவிகள்தான் முற்றொருமைகள். அது இருபடிச் சமன்பாடாகவோ, இருபடிகளின் அடுக்காகவோ அமைந்தால் வர்க்கமூலங்களோடு வேலை முடிந்துவிடும். முப்படியாக அமைந்தால் நிலைமை அடியோடு மாறிவிடும். எந்தக் கோணம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியும்.

15°: இரண்டு வழி, இரண்டு விடை?

15 என்பது 45-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் தெரிந்த கோணங்கள். ஆகவே கழித்தல் வாய்பாடு நேராகவே வேலை செய்கிறது:

சைன்(அ − ஆ) = சைன் அ · கொசைன் ஆ − கொசைன் அ · சைன் ஆ

சைன் 15° = (√2/2)(√3/2) − (√2/2)(1/2) = (√6 − √2)/4

இதே முறையில் கொசைன் 15° = (√6 + √2)/4. இவை கிடைத்துவிட்டால் 75°, 105°, 165° ஆகியவற்றுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. நிரப்புக் கோணமும் குறியும் பார்த்தால் போதும்.

15 என்பது 30-இல் பாதியும்கூட. அரைக்கோண வழியில் போனால்:

சைன்² 15° = (1 − கொசைன் 30°)/2 = (2 − √3)/4

சைன் 15° = √(2 − √3)/2

ஒரே கோணம், ஒரே சைன். ஆனால் ஒன்றில் இரண்டு வர்க்கமூலங்கள் அருகருகே நிற்கின்றன. மற்றதில் ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொன்று அடைபட்டுக் கிடக்கிறது. தான் கண்ட விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ளதைப் போல இல்லையே என்று சரியான விடையை அடித்துவிடும் மாணவர்கள் ஏராளம். பதற வேண்டியதில்லை. முதல் விடையை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: (√6 − √2)² = 6 + 2 − 2√12 = 8 − 4√3. அதை 16 ஆல் வகுத்தால் (2 − √3)/4. இரண்டாவது விடையின் வர்க்கமும் இதுவே. இரண்டும் மிகை எண்கள் என்பதால் இரண்டும் ஒன்றே.

உள்ளே அடைபட்ட வர்க்கமூலத்தை எப்போது பிரித்தெடுக்கலாம் என்பதற்கு எளிய சோதனை உண்டு. √(ப ± √த) என்ற வடிவத்தில் ப² − த என்பது ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கமாக இருந்தால் பிரிக்கலாம். அந்த எண்ணை க என்று கொண்டால்,

√(ப ± √த) = √((ப + க)/2) ± √((ப − க)/2)

இங்கே ப = 2, த = 3. ப² − த = 1, ஆகவே க = 1. எனவே √(2 − √3) = √(3/2) − √(1/2) = (√6 − √2)/2. இதை 2 ஆல் வகுத்தால் பழைய விடையே வந்துவிடுகிறது. பாடப்புத்தகங்கள் இந்தச் சோதனையை ஏன் ஓரங்கட்டுகின்றன என்று எனக்குப் புரிந்ததில்லை. நான்கு வரியில் சொல்லிவிடலாம், ஆயுளுக்கும் உதவும்.

டேன் 15°-க்கு வாய்பாடே வேண்டாம், ஒரு படம் போதும். 30° கோணமுள்ள செங்கோண முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30°-க்கு எதிர்ப்பக்கம் 1, அடுத்துள்ள பக்கம் √3, கர்ணம் 2. இப்போது √3 நீளமுள்ள பக்கத்தை, 30° கோணம் இருக்கும் முனைக்கு அப்பால், கர்ணத்தின் நீளமான 2 அளவுக்கு நீட்டுங்கள். நீட்டிய முனையிலிருந்து முக்கோணத்தின் உச்சிக்கு ஒரு கோடு வரையுங்கள். நீட்டிய பகுதியும் கர்ணமும் சமம் என்பதால் அங்கே ஓர் இருசமபக்க முக்கோணம் உருவாகிறது. அதன் வெளிக்கோணம் 30°, ஆகவே சமமான இரு கோணங்களும் 15°, 15°. பெரிய செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கம் 1, அடுத்துள்ள பக்கம் 2 + √3. ஆகவே டேன் 15° = 1/(2 + √3) = 2 − √3.

இதே படத்தை 45°-இல் போட்டால் டேன் 22.5° = 1/(1 + √2) = √2 − 1 கிடைக்கிறது. பொதுவான கோணத்தில் போட்டால் டேன்(அ/2) = சைன் அ/(1 + கொசைன் அ) என்ற முற்றொருமையே கிடைக்கிறது. ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவர் அந்த வாய்பாட்டைப் பிறகு மறக்கவே மாட்டார்.

பாதியாக்கிக்கொண்டே போனால்

45°-ஐப் பாதியாக்கினால் சைன் 22.5° = √(2 − √2)/2, கொசைன் 22.5° = √(2 + √2)/2. மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பார்த்தால் 2² − 2 = 2; இது எந்த விகிதமுறு எண்ணின் வர்க்கமும் இல்லை. ஆகவே இந்த அடுக்கைப் பிரிக்க முடியாது, அப்படியேதான் எழுத வேண்டும். மறுபடி பாதியாக்கினால் கொசைன் 11.25° = √(2 + √(2 + √2))/2. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் ஓர் அடுக்கு கூடுகிறது.

குறியில் மட்டும் கவனம் வேண்டும். அரைக்கோண வாய்பாடு வர்க்கத்தைத்தான் தருகிறது. மிகையா குறையா என்பதைக் கோணம் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கொசைன் 112.5° = −√(2 − √2)/2. அந்தக் குறைக் குறியை விட்டுவிட்டால் விடை 67.5°-க்கு உரியதாகிவிடும்.

பாதியாக்கும் உத்தியின் வீச்சு பெரியது. கி.பி. 499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் 24 அரை நாண்களின் (சைனை ஆரத்தால் பெருக்கி வரும் நீளங்களின்) அட்டவணை ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த கோணங்களுக்கு இடைவெளி 225 கலை, அதாவது 3.75°, ஆரம் 3438. அந்த 24 கோணங்களையும் 30°, 45°, 90° மூன்றிலிருந்து தொடங்கி, பாதியாக்குவது, 90-இலிருந்து கழிப்பது ஆகிய இரண்டே செயல்களால் அடைந்துவிடலாம். 30-இலிருந்து 15, 7.5, 3.75, 15-இன் நிரப்பு 75, அதன் பாதி 37.5, அதன் பாதி 18.75, 45-இலிருந்து 22.5, 11.25. இப்படியே தொடர்ந்தால் ஒன்றுகூட விடுபடாது. அட்டவணையின் முதல் எண் 225. சைன் 3.75°-ஐ 3438 ஆல் பெருக்கினால் 224.86 வருகிறது.

எவ்வளவு பாதியாக்கினாலும், கூட்டினாலும் கழித்தாலும், இந்த வழியில் கிடைப்பவை எல்லாம் 15-ஐ 2, 4, 8 என்று வகுத்து வரும் கோணங்களின் மடங்குகளே. 18° இந்தப் பாதையில் ஒருநாளும் வராது. அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

18°: கோணமே எழுதித் தரும் சமன்பாடு

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 18°-ஐத் தெரிந்த இரண்டு கோணங்களின் கூட்டலாகவோ கழித்தலாகவோ எழுத முடியாது. ஆனால் 18-ஐ 5 ஆல் பெருக்கினால் 90. அந்த ஒரு செய்தி போதும்.

அ = 18° என்றால் 5அ = 90°, ஆகவே 2அ = 90° − 3அ. இரு பக்கமும் சைன் எடுத்தால்:

சைன் 2அ = கொசைன் 3அ

2 சைன் அ · கொசைன் அ = 4 கொசைன்³ அ − 3 கொசைன் அ

கொசைன் 18° பூச்சியம் இல்லை என்பதால் இரு பக்கத்தையும் அதனால் வகுக்கலாம். சைன் 18°-ஐ ச என்று குறித்து, கொசைன்² அ = 1 − ச² என்று போட்டால்:

2ச = 4(1 − ச²) − 3

4ச² + 2ச − 1 = 0

ச = (−1 ± √5)/4

18° முதல் கால்பகுதியில் இருப்பதால் மிகை மூலத்தையே எடுக்க வேண்டும். சைன் 18° = (√5 − 1)/4, ஏறத்தாழ 0.3090.

பெரும்பாலான உரைகள் இந்த இடத்தில் நின்றுவிடும். தள்ளிவிட்ட மற்ற மூலம், (−1 − √5)/4, எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்தான் சுவை இருக்கிறது. நாம் சமன்பாட்டுக்குக் கொடுத்த தகவல் 5அ = 90° என்பதுதான். ஆனால் சைனும் கொசைனும் 360° சுற்றி வந்தால் பழைய மதிப்புக்கே திரும்பிவிடும்; ஆகவே 5அ = 450°, 810°, 1170°, 1530° ஆகியவையும் அதே சமன்பாட்டுக்குப் பொருந்தும். அவற்றிலிருந்து வரும் கோணங்கள் 90°, 162°, 234°, 306°. இவற்றில் 90°-இன் கொசைன் பூச்சியம். கொசைனால் வகுத்தபோது அது வெளியேறிவிட்டது. சைன் 162° என்பது சைன் 18° தான். 234°, 306° இரண்டின் சைனும் −சைன் 54°, அதாவது ஏறத்தாழ −0.8090. அந்த இரண்டாவது மூலம் இதுவே. சமன்பாட்டுக்கு 18° என்ற தனிக் கோணம் தெரியாது. அதே நிபந்தனையில் அடங்கும் எல்லாக் கோணங்களையும் சேர்த்தே தருகிறது. நமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது நம் வேலை. அப்படித் தள்ளியதும் வீணாகவில்லை: சைன் 54° = கொசைன் 36° = (√5 + 1)/4 என்ற மதிப்பு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

கொசைன் 36°, கொசைன் 72° இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: (√5 + 1)/4, (√5 − 1)/4. கழித்தால் 1/2. பெருக்கினால் 1/4. கொசைன் 36°-ஐ இரட்டித்தால் (1 + √5)/2, அதாவது பொன் விகிதம். ஒழுங்கு ஐங்கோணத்தில் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் இடைப்பட்ட கோணம் 36° என்பதால் இது தற்செயல் அல்ல.

1150-இல் சித்தாந்த சிரோமணியை எழுதிய இரண்டாம் பாஸ்கரர், அரை நாண்களைப் பற்றிய ஜ்யோத்பத்திப் பகுதியில் இந்த மதிப்புக்கு நேரடியான விதி தந்திருக்கிறார்: ஆரத்தின் வர்க்கத்தை 5 ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, அதிலிருந்து ஆரத்தைக் கழித்து, 4 ஆல் வகுத்தால் 18°-இன் அரை நாண். ஆரத்தை 1 என்று வைத்தால் நாம் கண்ட (√5 − 1)/4 அப்படியே வருகிறது.

3°: வேலி நிற்கும் இடம்

15°-உம் 18°-உம் கையில் இருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3°. சைன் 18° · கொசைன் 15° − கொசைன் 18° · சைன் 15° என்று போட வேண்டியதுதான். கொசைன் 18° = √(10 + 2√5)/4 என்பதைப் பைத்தகோரஸ் தருகிறார். (100 − 20 = 80 வர்க்க எண் அல்ல; ஆகவே இதைப் பிரிக்க முடியாது.) விடை:

சைன் 3° = [(√5 − 1)(√6 + √2) − (√6 − √2)√(10 + 2√5)]/16

பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் இதில் இருப்பவை முழு எண்களும் வர்க்கமூலங்களும் மட்டுமே. சரிபார்த்துக்கொள்ளலாம்: முதல் பகுதி 0.298487, இரண்டாவது 0.246152, கழித்தால் 0.052335. கால்குலேட்டர் 0.052336 என்கிறது, கடைசி இலக்கத்தில் தெரியும் வேறுபாடு தோராயமாக்கியதால் வந்தது.

3° கிடைத்துவிட்டால் 6°, 9°, 12°, 21°, 24° என்று மூன்றின் மடங்குகள் அனைத்தும் கைக்குள் வந்துவிடும். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி இதே பாதையில்தான் நடந்தார். அவர் கணக்கிட்டவை நாண்கள். 72°, 60° இரண்டின் நாண்களிலிருந்து 12°-இன் நாணைக் கண்டார். பிறகு பாதியாக்கி 6°, 3°, 1½°, ¾°. வித்தியாசத்தின் நாணைக் காண அவர் பயன்படுத்திய வட்ட நாற்கரத் தேற்றம், நம் சைன் கழித்தல் வாய்பாட்டின் வடிவியல் உருவமே. ஆனால் 1°-இன் நாணைத் துல்லியமாக எட்ட அவராலும் முடியவில்லை. 1½°-க்கும் ¾°-க்கும் நடுவே அதை நெருக்கிப் பிடித்துத் தோராய மதிப்பையே எழுதினார். அவருடைய திறமையில் குறையில்லை. அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு வேலி இருக்கிறது.

20°: முப்படி குறுக்கே வருகிறது

20°-இன் மும்மடங்கு 60°. 18°-க்குச் செய்ததைப் போலவே செய்து பார்ப்போம். கொசைன் 3அ = 4 கொசைன்³ அ − 3 கொசைன் அ. இடப்பக்கம் 1/2. கொசைன் 20°-இன் இரட்டிப்பை ய என்று குறித்தால்:

ய³ − 3ய − 1 = 0

18°-இல் முப்படியாகத் தொடங்கியது ஒரு காரணி கழன்று இருபடியாக இறங்கியது. இங்கே அப்படி இறங்குமா? இறங்க வேண்டுமானால் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு விகிதமுறு மூலம் இருக்க வேண்டும். அது 1 அல்லது −1 ஆக மட்டுமே இருக்க முடியும். 1 போட்டால் −3, −1 போட்டால் 1. இரண்டும் பூச்சியம் இல்லை. ஆகவே முப்படி முப்படியாகவே நிற்கிறது.

வர்க்கமூலங்களை எத்தனை முறை அடுக்கினாலும் கிடைக்கும் எண்ணின் மிகச் சிறிய சமன்பாடு (அந்த எண்ணை மூலமாகக் கொண்ட, விகிதமுறு கெழுக்களுடைய, மிகக் குறைந்த படிச் சமன்பாடு) 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குப் படிகளிலேயே இருக்கும். 3 அந்த வரிசையில் இல்லை. ஆகவே கொசைன் 20°-ஐ வர்க்கமூலங்களால் எழுத முடியாது. 1837-இல் பியர் வான்ட்செல் நிறுவியது இதைத்தான். கவராயமும் அளவுகோலும் கொண்டு 60° கோணத்தை மூன்றாகப் பிரிக்க முடியாது என்ற புகழ்பெற்ற முடிவு இதன் மறுபக்கம்.

கனமூலம் எடுத்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். முப்படிச் சமன்பாட்டுக்கான பொது வாய்பாட்டைப் போட்டால்:

ய = ³√((1 + √−3)/2) + ³√((1 − √−3)/2)

மூலம் மெய்யெண், வழியோ கலப்பெண்கள் ஊடாகப் போகிறது. உள்ளே இருக்கும் (1 + √−3)/2 என்ற கலப்பெண்ணின் கோணம் 60°. அதற்குக் கனமூலம் காண வேண்டுமானால் 60°-ஐ மூன்றாகப் பிரித்து 20°-இன் கொசைனைக் காண வேண்டும்! புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம். மெய்யெண்களின் மூலங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதிலிருந்து தப்பவே முடியாது என்பதும் நிறுவப்பட்ட உண்மை.

எந்தக் கோணம் வேலிக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று முன்கூட்டியே அறிய ஓர் எண்ணிக்கை போதும். கோணத்தை 360-இன் பின்னமாகச் சுருக்கி எழுதுங்கள். பகுதியில் வரும் எண்ணைவிடச் சிறியதாகவும் அதனோடு பொதுக் காரணி இல்லாததாகவும் எத்தனை எண்கள் உள்ளன என்று எண்ணுங்கள். பகுதி 2-ஐவிடப் பெரியதாக இருந்தால் அந்த எண்ணிக்கையில் பாதிதான் கொசைனின் மிகச் சிறிய சமன்பாட்டின் படி. 20/360 = 1/18; பதினெட்டோடு பொதுக் காரணி இல்லாதவை 1, 5, 7, 11, 13, 17 என்று ஆறு; படி 3. 15°-க்குப் பகுதி 24, எண்ணிக்கை 8, படி 4. 3°-க்குப் பகுதி 120, எண்ணிக்கை 32, படி 16. 1°-க்குப் பகுதி 360, எண்ணிக்கை 96, படி 48. நாற்பத்தெட்டு என்பது பதினாறின் மூன்று மடங்கு. அந்த மூன்றுதான் தாலமியை நிறுத்தியது. முழு எண் பாகைகளில் மூன்றின் மடங்குகள் மட்டுமே வர்க்கமூலங்களுக்கு வசப்படும்.

இந்த எண்ணிக்கை பள்ளி அட்டவணையைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. கொசைன் விகிதமுறு எண்ணாக வரவேண்டுமானால் படி 1 ஆக இருக்க வேண்டும். அது பகுதி 1, 2, 3, 4, 6 ஆகும்போது மட்டுமே நடக்கும். மதிப்புகள் 0, ±1/2, ±1. இதைவிட்டால் வேறு விகிதமுறு மதிப்பே விகிதமுறு பாகைகளுக்குக் கிடையாது. நிவென் தேற்றம் என்று அழைக்கப்படுவது இதுதான். அடுத்து, படி 2. அதற்குப் பகுதி 5, 8, 10, 12 ஆக இருக்க வேண்டும். கோணங்கள் 72°, 45°, 36°, 30°. அதாவது 36°-உம் 72°-உம் எளிமையில் 30°, 45° ஆகியவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றுக்கும் அந்த அட்டவணையில் இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்துக்கு இதே கணக்கைப் போட்டால் எண்ணிக்கை 16, படி 8. இரண்டின் அடுக்கு. 1796-இல், பத்தொன்பது வயது நிறையாத காஸ், அதைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். ஏழு பக்கத்துக்கோ படி 3, ஆகவே முடியாது.

தனியே பிடிபடாதவை, கூட்டமாகப் பிடிபடும்

20° வேலிக்கு அப்பால் இருந்தும் தேர்வுத் தாள்களில் அடிக்கடி வருகிறதே என்று தோன்றலாம். வருகிறது, ஆனால் தனியாக வருவதில்லை. ய³ − 3ய − 1 = 0 என்ற சமன்பாட்டின் மூன்று மூலங்களும் 2 கொசைன் 20°, −2 கொசைன் 40°, −2 கொசைன் 80°. மூலங்களின் கூடுதல் 0, பெருக்கல் பலன் 1. இதிலிருந்து உடனே:

கொசைன் 20° = கொசைன் 40° + கொசைன் 80°

கொசைன் 20° · கொசைன் 40° · கொசைன் 80° = 1/8

ஒவ்வொன்றும் தனித்தனியே எழுத முடியாதது. மூன்றும் சேர்ந்தால் எட்டில் ஒன்று. இரண்டாவதை முற்றொருமையால் காட்டுவது இன்னும் எளிது. சைன் 20°-ஆல் பெருக்கினால் இரட்டைக்கோண வாய்பாடு மூன்று முறை அடுத்தடுத்து மடங்கி, (சைன் 160°)/8 மிஞ்சும்; சைன் 160° = சைன் 20° என்பதால் அது அடிபடும்.

10°-இலும் இதே நிலைதான். 1/சைன் 10° − √3/கொசைன் 10° என்பதன் மதிப்பு என்ன? சைன் 10°-ஐத் தேடிப் போனால் முப்படியில் சிக்கிக்கொள்வோம். பொதுப் பகுதி எடுத்துப் பாருங்கள். தொகுதி கொசைன் 10° − √3 சைன் 10°. இரண்டை வெளியே எடுத்தால் உள்ளே இருப்பது சைன் 30° · கொசைன் 10° − கொசைன் 30° · சைன் 10°, அதாவது சைன் 20°. பகுதி சைன் 10° · கொசைன் 10°, அதாவது (சைன் 20°)/2. ஆகவே விடை 4. இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்ததும் கோணத்தின் மதிப்பைத் தேடக் கூடாது. எது எதனோடு அடிபடும் என்று தேட வேண்டும். வேலிக்கு எந்தப் பக்கம் கோணம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் இந்த முடிவை எடுக்க ஒரு நொடி ஆகாது.

1°: சமன்பாட்டைத் தீர்க்காமலே

சைன் 1°-க்கான சமன்பாடு நம்மிடம் இருக்கிறது. மும்மடங்குக் கோண வாய்பாட்டின்படி, சைன் 1°-ஐ ஞ என்று குறித்தால், 3ஞ − 4ஞ³ = சைன் 3°. வலப்பக்கம் வர்க்கமூலங்களால் துல்லியமாகத் தெரிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கந்தில் உலுக் பெக்கின் வானியல் அறிஞர் குழுவில் பணிபுரிந்த அல்-காஷி, இந்தச் சமன்பாட்டைக் கொண்டே சைன் 1°-ஐக் கணக்கிட்டார். மூலத்துக்கு வாய்பாடு தேடுவதற்குப் பதில், மதிப்பைத் திரும்பத் திரும்பச் செம்மைப்படுத்தினார். சமன்பாட்டை இப்படித் திருப்பி எழுதுவதில்தான் சூட்சுமம்:

ஞ = (சைன் 3° + 4ஞ³)/3

ஞ மிகச் சிறிய எண். அதன் கனம் இன்னும் மிகச் சிறியது. ஆகவே வலப்பக்கத்தில் ஞ-க்குச் சற்றுப் பிழையான மதிப்பைப் போட்டாலும் இடப்பக்கத்தில் கிடைப்பது மிகக் குறைந்த பிழையோடு வரும். சைன் 3° = 0.0523359562 என்று வைத்துக்கொண்டு, முதலில் கனத்தை அடியோடு விட்டுவிட்டால் ஞ = 0.0174453187. இதன் கனத்தை வலப்பக்கத்தில் சேர்த்தால் 0.0174523978. மறுபடி ஒருமுறை செய்தால் 0.0174524064. இதன் பத்துத் தசம இடங்களும் சரி. படி 48 கொண்ட சமன்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் எண், 3°-இன் துல்லிய மதிப்பிலிருந்து இரண்டே திருத்தங்களில் இவ்வளவு தூரம் வந்துவிடுகிறது. இன்னும் இலக்கங்கள் வேண்டுமென்றால் சைன் 3°-ஐ அத்தனை இலக்கங்களுக்கு எடுத்துக்கொண்டு அதே வரியைத் தொடர வேண்டியதுதான். அந்த வர்க்கமூலக் கோவை எத்தனை இலக்கம் கேட்டாலும் தரும்.